நாளைக்குப் பெண் பார்க்க, இன்றைக்குப் பெண் வேஷம்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொல்கிறேன். மலாய் நாடு சுதந்திரத்துக்குக் காத்திருந்த ஆகஸ்ட் மாதம் அது. கஜா பெராங் என்ற இடத்தில் ஒரு திடல், இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு படுதா. அதற்கு முன்னால் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருக்கிறது. பின்னால், ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்க்கும் நடராஜன் கதாநாயகி வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார். வழக்கமாக அவருக்குப் புடவை கட்டிவிடும் ருக்மணிக்குக் காய்ச்சலாம். பதிலுக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறாள். அதோ, பேச்சு கேட்கிறதா?

நடராஜன்: ஆ... ஊசி.

பெண்: ஆடாம நில்லுங்க. புடவையில குத்த வேண்டியது உங்க மேல குத்துது.

நடராஜன்: ருக்மணி அக்கா ஒரு நாளும் குத்தினதில்ல.

பெண்: அக்காதான் படுத்துட்டாங்களே. வேணும்னா வாத்தியாரையே கட்டிவிடச் சொல்லட்டா?

நடராஜன்: ஐயோ, வேணாம். அவர் கட்டின மடிப்பு ஒரு தடவ மேடையிலயே அவுந்துருச்சு... நீங்க என்ன, இடது கையாலயா குத்துறீங்க?

பெண்: எந்தக் கைன்னு ஊசிக்குத் தெரியவா போகுது? மூச்ச இழுங்க. இடுப்பு எங்க இருக்கு உங்களுக்கு?

நடராஜன்: ஆம்பளைக்கு இருக்கிற இடத்துலதான்.

பெண்: அதான் புடவை நிக்க மாட்டேங்குது.

நடராஜன்: உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?

பெண்: ...ஜெயா.

வாத்தியார்: நடராஜா, மேகம் கட்டுதுப்பா. சீக்கிரம்.

நடராஜன்: மழை வந்துட்டா, வாத்தியாரே?

வாத்தியார்: வந்தா நனைவோம். நானூறு வருசத்துக்கு முன்னால லண்டன்ல நாடகம் போட்டவன் மேகத்தப் பாத்தா பயந்தான்?

பெண்: இவருதான் அந்த வாத்தியாரா? குரலே இந்த அதட்டு அதட்டுது.

நடராஜன்: கலியாணசுந்தரம் வாத்தியார். குழுவுக்குத் தலைவர். பழைய இங்கிலீஷ் நாடகத்தையெல்லாம் தமிழாக்குறவரு. ராணி எலிசபெத் காலத்துது... இப்ப இருக்கிற ராணி இல்ல, அந்த முந்தின ராணி. அப்பல்லாம் வெட்டவெளியில, பட்டப்பகல்லதான் நடிப்பாங்களாம். பொம்பள வேஷம் கட்டுனதும் பசங்கதானாம். நாமளும் அப்படியே செய்யணும்னு ஒரே பிடிவாதம்.

பெண்: வெள்ளைக்காரன் மூட்டை கட்டுற நேரத்துல அவன் நாடகமா?

நடராஜன்: நானும் கேட்டேன். ‘அவன் போகட்டும், இத மட்டும் வச்சுட்டுப் போகட்டும்’னுட்டாரு.

பெண்: மண்டபத்துல போட்டா ஃபேனாவது இருக்கும்.

நடராஜன்: மண்டபத்துல எதிர்ல ஒரே இருட்டுங்க. பாக்குறவங்க மூஞ்சியே தெரியாது. இங்க பாருங்க... சீவின ஐஸ் விக்கிற ஐஸ் கச்சாங்காரர் மணியடிக்கிறத நிறுத்திட்டு நிப்பாரு. மூணு சக்கரத் திரிஷா வண்டி ஓட்டுற சீனர், மொழி புரியாமலே கண்ணத் தொடச்சுக்குவாரு. திடீர்னு கோழி மேடையேறும், அதையும் வசனத்துல சேத்துக்கணும். ஒரு வார்த்தைய விட்டா, அது யார் மூஞ்சியில போய் விழுதுன்னு கண்ணால பாக்கலாம்.

பெண்: தெங்கேராவுல கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே நடிச்சப்பவும் பாத்தீங்களாக்கும்?

நடராஜன்: தெங்கேராவுக்கு வந்திருந்தீங்களா?

பெண்: ...ருக்மணி அக்கா சொன்னாங்க. தலையத் தூக்குங்க, பொட்டு வைக்கணும். என்ன இப்படி வேர்க்குது? போட்ட பவுடரெல்லாம் வழியுது.

நடராஜன்: நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பத்து பெரெண்டாம்ங்கிற ஊர்ல.

பெண்: ஓ... நல்ல விஷயம்தானே?

நடராஜன்: எங்கம்மா அங்க நான் ராஜா வேஷம் கட்டுறவன்னு சொல்லி வச்சிருக்காங்க.

பெண்: கட்டினதே இல்லையா?

நடராஜன்: ஒரே ஒரு தடவ. சண்டைக் காட்சியில வாள் உறையில மாட்டிக்கிச்சு. எதிராளியே வந்து உருவிக் குடுத்துட்டு, அப்புறமா என்னைக் குத்தினாரு.

பெண்: ம்ஹ்ம்...

நடராஜன்: சிரிக்கிறீங்க.

பெண்: இல்ல, வாயில ஊசி வச்சிருக்கேன்.

நடராஜன்: மண்டபம்னா கதவ சாத்திக்கலாம். இது திடல். பத்து பெரெண்டாத்துலேருந்து டவுனுக்கு வர்ற யாரும் எட்டிப் பாக்கலாம். மாப்பிள்ளை பொட்டும் கம்மலுமா நிக்கிறதப் பாத்தா, பொண்ணு குடுப்பாங்களா?

பெண்: அப்ப வேஷத்த விட்டுருங்க. கல்யாணம் பெருசா, கம்மல் பெருசா?

நடராஜன்: விட முடியாதுங்க. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா... அழுவேன். அழுதுட்டு, அடுத்த நாடகத்துக்கு வசனம் பாடம் பண்ணுவேன். ஆனா மறைச்சு வச்சுத் தாலி கட்டுறது தப்பு.

பெண்: அப்ப நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிருவீங்க?

நடராஜன்: சொல்லணும். ஆனா சபையில எனக்கு நாக்கு எழாது. வாத்தியார் எழுதிக் குடுத்தா மணிக்கணக்காப் பேசுவேன். சொந்த வசனம்தான் வராது.

பெண்: ம்... திரும்புங்க, முந்தானைய எடுத்து விடுறேன். இன்னைக்கு என்ன கதை?

நடராஜன்: ஒரு பொண்ணு. கட்டிக்கப்போறவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்க, ஆம்பள வேஷத்துல அவன் வீட்டுக்கே வேலைக்குப் போறா.

பெண்: இருங்க, இருங்க. ஆம்பள நீங்க பொம்பளையாகி, அந்தப் பொம்பள மறுபடியும் ஆம்பளையாகுதா? அதுக்கு உங்க சொந்தச் சட்டையே போதுமே.

நடராஜன்: வாத்தியார் இத யோசிக்கவே இல்ல பாருங்க.

பெண்: சரி... அந்தப் பொண்ணு செய்றது ஏமாத்து வேலை இல்லையா?

நடராஜன்: என்ன ஏமாத்து? காலம் பூரா அவன்கூட இருக்கப்போறது அவதானே. நல்லாப் பாத்துக்கட்டும்.

பெண்: ...நல்லவேளை.

நடராஜன்: என்னது?

பெண்: மடிப்பு நின்னுருச்சு. நல்லவேளைன்னேன்.

வாத்தியார்: ஏம்மா, அண்ணன் தயாரா?

பெண்: தயார், சார். அவர்... இதோ வந்துருவாரு.

வாத்தியார்: மழையும் தள்ளிப் போச்சு. வேலியோரம் யாரோ மிளகாயும் வெங்காயமும் குச்சியில குத்தி நட்டிருக்காங்க. கல்யாணமாகாத பொண்ணு நட்டாத்தான் மழை விலகிப் போகும்னு மலாய்க்காரங்க சொல்வாங்க. யாரு நட்டதோ, நல்லா இருக்கணும்.

பெண்: நான்தான் சார். பக்கத்து வீட்டு சுல்தானா அக்கா சொல்லிக் குடுத்தாங்க.

நடராஜன்: உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?

பெண்: பாடுபட்டுக் கட்டின புடவை நனையலாமா?

நடராஜன்: புடவைக்காகத்தானா... ஒண்ணு கேக்கணும்.

பெண்: சீக்கிரம் கேளுங்க.

நடராஜன்: இந்தத் திடல்ல சின்னவங்கள்லாம் என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க வந்ததுலேருந்து ஒரு தடவகூடக் கூப்பிடல.

பெண்: ...நேரமாச்சு. போங்க.

நடராஜன்: தரகர் அப்பாசாமி எங்க வீட்டுல ஒண்ண உளறிட்டாரு. பத்து பெரெண்டாத்துப் பொண்ணுக்கு இடது கைப் பழக்கமாம். காப்பிய மட்டுமாவது வலது கையால குடுன்னு வீட்டுல பழக்குறாங்களாம். நாளைக்குச் சபையில நாக்கு எழாதேன்னுதான் இங்கேயே சொல்லிட்டேன். நீங்களும் ஒண்ணும் மறைக்க வேணாம். எந்தக் கை வசதியோ, அந்தக் கையாலயே காப்பி குடுங்க, கோகிலா.

கோகிலா: எப்பத் தெரிஞ்சுது?

நடராஜன்: முதல் ஊசியிலயே.

வாத்தியார்: நடராஜா, மணி அடிச்சாச்சுப்பா.

கோகிலா: போங்க... முன் வரிசையில பச்சைக் குடையோட ஒருத்தர் உக்காந்திருப்பாரு, பாத்து பயந்துராதீங்க. அவர்தான் எங்கப்பா. தெங்கேராவுல உங்களப் பாத்துட்டு, ‘என்ன லட்சணமான பொண்ணு, நம்ம சேதுபதிக்குக் கேக்கலாமா’ன்னு எங்க அண்ணனுக்காக வீடு வரைக்கும் புலம்பிக்கிட்டே வந்தாரு. நான்தான் சொன்னேன்... ‘அந்த இடுப்பப் பாத்தா தெரியலையாப்பா, அது மாப்பிள்ளை. எனக்குக் கேளுங்க’ன்னு.

அவ்வளவுதான், கண்ணுகளா. கேட்ட உங்கள் வீட்டில் மனசில் உள்ளதைச் சொல்லும் வாயும், அதைச் சிரித்துக்கொண்டே கேட்கும் காதும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். எந்தக் கை பரிமாறினாலும் சாப்பாடு ருசிக்கட்டும்.