முப்பத்தெட்டு அடி

ஏம்பா, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், நீ பாட்டுக்குச் சுத்தியலைப் பைக்குள்ள போடுறே? வேலை முடிஞ்சிருச்சுன்னு யார் சொன்னா? சட்டையில ரமிரோன்னு தச்சிருக்கே, அதானே உன் பேரு? ரமிரோ, மேற்கு மூலையில ஒரு கம்பம் நட்டிருக்கியே, அது எத்தனை அடி?

முப்பத்தெட்டா. கம்பம் முப்பத்தெட்டுதான், நான் இல்லேன்னா சொன்னேன்? அதுல ஒரு அடியக் குழிக்குள்ள விட்டு மண்ணு தள்ளி மூடிட்டியே. மண்ணுக்கு மேல முப்பத்தேழுதான் நிக்குது. அடிக்கு அடி சிவப்புக் கோடு போட்டிருக்குல்ல? எண்ணிட்டேன். ரெண்டு தடவை எண்ணிட்டேன்.

ஒரு அடிதானேங்கிறியா? நல்லா இருக்கே கதை! இதை எதுக்கு நடுறீங்க, அழகுக்கா? வரப்போற கட்டடம் இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம்னு ஊரு கண்ணால பாக்கணும். அதுக்குத்தானே கம்பமும், அதுல கட்டுன ஆரஞ்சு வலையும். நகரசபை விசாரணைக்குப் பத்து நாள் முன்னாடியே சரியான உயரத்துல நிக்கணும். விசாரணை டிசம்பர் பன்னெண்டு. இன்னைக்கு ரெண்டு. சாயங்காலம் அஞ்சு மணியோட உன் கெடு முடியுது. இந்த விதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமாவா? எழுதுனவளே நான்தாம்பா. அதோ தெரியுதே எங்க வீடு, அங்க சமையல்கட்டு மேசையில ஒக்காந்து எழுதுனது.

ஆமா, அந்த மாவிஸ் டன்லப் நான்தான். உங்க முதலாளி சொல்லியிருப்பாரே? என்ன சொன்னாரு? சும்மா சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்... பிடிவாதக் கிழவியா? அவ்வளவுதானா? போன தடவை வந்தவன் இதைவிட நல்லாத் திட்டினான். கலிபோர்னியாவுல பாதி வக்கீலுங்க என் பேரக் கேட்டாலே கேஸையே எடுக்க மாட்டாங்க, தெரிஞ்சுக்கோ.

எண்பத்தொண்ணுல இந்த ஊர நீ பாத்திருக்கணும். கோழிப்பண்ணை இருந்த எடத்துலல்லாம் காளான் மாதிரி வீடு. பள்ளிக்கூடத்துல காலையில பாதிப் புள்ளைங்க, மத்தியானம் மீதி. குழாயத் தொறந்தா காத்துதான் வரும். நானும் எங்க வீட்டுக்காரர் லாய்டும் கடை வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கினோம். வருஷத்துக்குப் புதுசா அறுபது வீடு, அதுக்கு மேல ஒண்ணு கூடாது. ஊரோட இருபது வருஷத் திட்டத்துல மொதப் பக்கத்துலயே அத ஏத்த வெச்சோம். ரெண்டு தடவை திட்டத்த மாத்தி எழுதினாங்க, அந்த அறுபதுல மட்டும் எவனும் கைவைக்க முடியல. வளரவே கூடாதுன்னு நான் சொல்லலியே, நிதானமா வளரட்டும்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்கிறியா? வாய் ஜாஸ்திப்பா உனக்கு.

நீ எங்கேருந்து வர்றே? அம்மாடி, ஒண்ணரை மணி நேரமா! லாய்டப் பாத்துக்க வர்ற இனெஸும் அங்கேருந்துதான் வர்றா. ரோட்டுல நெரிசல்னா அவரு ஒம்பது மணி வரைக்கும் ராத்திரித் துணியோடவே கெடக்கணும், எனக்கு ஒத்தையில தூக்க முடியாது. இங்கயே குடியிருக்கக் கூடாதான்னு அவகிட்டயே ஒருநாள் கேட்டுட்டேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. நீயும் அதே மாதிரி பாக்காதே.

ஆங், அந்த மாடி ஜன்னல்ல இருக்கிறதுதான் லாய்ட். கைகாட்டு, திருப்பிக் காட்டுவாரு. இடது கைதான். பக்கவாதத்துல வலது பக்கம் விழுந்துருச்சு. சரி, பேச்சை மாத்தாதே.

நாலு மணிக்கு டார்லீன் வருவா. புதுக் கட்டடம் வேண்டாம்னு நாங்க நடத்துற சங்கத்துச் செயலாளர். டேப்பு, கேமரா, எல்லாத்தோடயும் வருவா. ஒவ்வொரு கம்பமா அளப்பா. ஒரு அடி கொறஞ்சாப் போதும், கம்பம் தப்பு, விசாரணையத் தள்ளி வைன்னு ராவோட ராவா மனு எழுதிருவா. ஜனவரிக்குத் தள்ளினா என்ன ஆகும்? இந்தக் கட்டடத்தோட முப்பத்திரண்டு வீடும் இந்த வருஷத்து அறுபதுல சேர்ந்தது. வருஷம் முடிஞ்சா ஒதுக்கினதும் போச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் ஏற்கனவே வரிசையில ஆள் நிக்குது. மூணு வருஷம் கழிச்சு வான்னா உங்க முதலாளி வருவாரா? தொண்ணூத்தெட்டுல பின்தெருவுல இப்படித்தான் ஆறு அங்குலத்தை வெச்சு பதினெட்டு வீட்டை நிறுத்தினோம். அளந்தது நான், டேப்போட மறுமுனையப் புடிச்சவ டார்லீன். இதுல பழம் தின்னு கொட்டை போட்டவ நான், அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பின்ன எதுக்கு உங்கிட்ட வந்து சொல்றேனா? அப்பாடா, இப்பவாச்சும் கேட்டியே.

எங்க வீட்டுல பதினேழு படி. கீழ குளிக்கவும் எடமில்ல, படுக்கவும் எடமில்ல. லாய்ட் தரையில எறங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியா ஆம்புலன்ஸ்காரங்க நாற்காலியில வெச்சுக் கட்டி எறக்கினாங்க. வாசல்ல வெயில் அடிச்சுது. ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பான்னாரு.

நீ ஒரு அடி முழுங்கினியே, அந்த மேற்கு மூலை. அங்க கீழ்த்தளத்துல வர்ற வீட்டுக்கு ஏறி எறங்க ஒரு படி கூடக் கிடையாது. வயசானவங்களுக்குன்னு நாலு வீடு ஒதுக்கியிருக்காங்கல்ல, விண்ணப்பம் போட்டவங்க வரிசையில ரெண்டாவது பேரு எங்களோடது. டார்லீனுக்குத் தெரியாது. சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியாது. சிரிக்காதேப்பா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், எனக்கு வந்துருச்சு, போதுமா?

பன்னெண்டாந்தேதி நான் மைக்கப் புடிச்சு, எனக்குப் பேசக் குடுக்கிற மூணு நிமிஷமும் உங்க கட்டடத்தை எதிர்த்துத்தான் கத்துவேன், அதைக் கண்டுக்காதே. நாப்பது வருஷமாக் கத்துன வாயி, திடீர்னு மூடினா சந்தேகப்படுவாங்க. மணி மூணே கால் ஆயிருச்சு. கம்பத்தைப் பிடுங்கி, குழிய ஜல்லி போட்டு நிரப்பி, அது மேல நிறுத்தி நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டு. டேப்ப எடு, மறுமுனைய நான் புடிக்கிறேன்.