ரேடியோ மேல தப்பில்லை

அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"நாலு வருஷமா எங்க ரேடியோவ அநியாயமா அடிச்சிருக்கேன், அக்கா."

"எதுக்குடி?"

"அந்தப் பழைய குடும்பப் படத்தோட வசனத்த ரேடியோல ஒலிச்சித்திரமாப் போடுவாங்கல்ல? பூரா எனக்கு மனப்பாடம். தம்பி கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போனதும் ஒரு எடத்துல சத்தமே வராது. ஸ்டேஷன் போயிருச்சுன்னு தட்டுவேன். நேத்து டாக்கீஸ்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது, ரேடியோ மேல தப்பே இல்ல!"

"அங்க என்னதான் வருது?"

"அண்ணி சாப்பாட்டுக்கு எல போடறா. பழக்கத்துல அஞ்சு போட்டுடறா. நின்னு பாக்கறா. ஒண்ண எடுத்துத் திரும்ப எலக்கட்டுல வச்சிடறா. அவ்வளவுதான். அழுக இல்ல, பாட்டு இல்ல. என்னமா யோசிச்சு எடுத்திருக்காங்க!"

"அழுக படம்னுல்ல நான் போகாம இருந்தேன்."

கண்டக்டர், "தலத்தெரு!" என்று குரல் கொடுத்தார். அங்கே இறங்க டிக்கெட் வாங்கியிருந்த அக்கா எழுந்திருக்கவே இல்லை.

"மேட்டினி எத்தன மணிக்குடி?"

தோழி வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் சொன்னார்:

"ரெண்டரைக்குங்க. அந்த எடத்துல நானும் ரேடியோவத் தட்டினவன்தான்."