மாமல்லபுரம் போன அடைக்கோழி

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு புருசன் பொண்டாட்டி. அந்த அம்மா மடியில் ஒரு கூடை. கூடையில் ஒரு கோழி முட்டைகள்மேல் அடை உட்கார்ந்திருந்தது.

“மாமல்லபுரத்துக்கு டூர் போறவன் எவனாவது அடைக்கோழிய தூக்கினு போவானா?” என்றார் புருசன்.

“போன வாட்டி உன் தங்கச்சி வூட்டுல வுட்டுட்டு கல்யாணத்துக்குப் போனோம். மறுநாளே முட்டைய ஆம்லெட் போட்டு துன்னுட்டா.”

“லாட்ஜ்காரன் கேட்டா இன்னா சொல்றது?”

“ரெண்டு பேருன்னு சொல்லு. கோழி கட்டிலா கேக்கப் போவுது?”

“அங்க அப்படி இன்னாதான் இருக்குது? பாறையில கொடஞ்ச பழைய கோயிலு. நம்மூர்ல இல்லாத பாறையா?”

“நம்மூர் பாறைக்குக் கீழ கடலு இருக்குதா? கல்யாணமாகி இருவது வருசம். ஒரு வாட்டி மாடு கன்னு போடும்ன, ஒரு வாட்டி கொல்லையில மல்லாட்ட புடுங்கணும்ன. நான் இன்னும் கடல பாக்கல.”

பஸ் வல்லம் தாண்டியதும் கூடைக்குள் கீச் கீச்சென்று சத்தம் வந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு பொறிஞ்சிடுச்சு. மிச்சமும் இன்னிக்கே பொறிஞ்சிடும். வா, எறங்கி வூட்டுக்குப் போயிடலாம்” என்று பையை எடுத்தார்.

அந்த அம்மா கூடையைத் தூக்கி அவர் கையில் வைத்தார்.

“நீ இத எடுத்துனு எறங்கு. நான் கடல பாத்துட்டு வரேன்.”

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.