மூக்கு தூக்கும்போது கும்பிட்டவன்

செங்கல்பட்டிலிருந்து பீச் போகும் காலை மின்சார ரயில். எதிர் சீட்டில் இரண்டு வாலிபர்கள். வெள்ளைச் சட்டைக்காரன் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவன். இன்றைய தேர்வில் தேறினால்தான் தனியாகப் பறக்க விடுவார்களாம்.

"போன தபா இன்னா மச்சான் ஆச்சு?" என்றான் கூட வந்தவன்.

"கும்புட்டேன். வாத்தியாரு ஃபெயிலாக்கிட்டாரு."

"சாமி கும்புட்டதுக்கா!"

"றெக்கை கீழ தள்ற காத்த தரை தடுக்கும்டா. தரையாண்ட இருக்கசொல்ல அதால ப்ளேன் மூக்கு அடங்கிக் கெடக்கும். கொஞ்சம் மேல போனா அந்தத் தடுப்பு போயிடும், மூக்கு தானா தூக்கும். கைல இருக்கற ஸ்டிக்க லேசா முன்னால அழுத்திப் புடிக்கணும். நானு அந்நேரம் பார்த்து, எழும்பிட்டோமேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். மூக்கு வானத்தப் பார்த்துக்கினு, வேகம் கொறஞ்சிபோச்சு. வாத்தியாரு பாய்ஞ்சு புடிச்சாரு."

"இன்னிக்கி?"

"கைய எடுக்கவே மாட்டேன். சாமி கோச்சிக்குமாடா?"

"அதுக்குத் தெரியாதா? நீ வண்டிய புடி."

சிங்கப்பெருமாள் கோயில் வந்தது. பெட்டியில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் கைகளும் எழுந்தன. பாதியில் நிறுத்தி, முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அவனுக்கும் சேர்த்து நான் கும்பிட்டேன்.