18,416-க்கு ஒரே நண்பன்

உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் எண்ணை என்றைக்காவது வகுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்ப்பேன். மீன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனுக்குக் கைக்குத்தான் வேலை, மண்டை சும்மா கிடக்கும். அறையில் பேச ஆளில்லாதபோது எண்கள் நல்ல துணை. கேட்டதற்குப் பதில் சொல்லும், கோபித்துக்கொள்ளாது.

என் எண் 17,296. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, அதை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் 18,416 வரும். 18,416-ஐயும் அதேபோல் செய்தால் திரும்ப என் எண் வந்து நிற்கும். இப்படிப்பட்ட ஜோடிக்கு நட்பு எண்கள் என்று பெயர். அபூர்வம். ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு நண்பன்தான்.

நான் சேர்ந்து பல வருடம் கழித்து ஒரு நெட்டையன் வேலைக்குச் சேர்ந்தான். என் அறையிலேயே கட்டில் கொடுத்தார்கள். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். 18,416.

உட்காரவைத்து விளக்கினேன்.

"அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் பொருத்தம் பிரமாதம்னு சொல்லுங்க வாத்தியாரே. அது கிடக்கட்டும், அடுப்புல பால் பொங்குது பாருங்க."

அன்றிலிருந்து நான் அவனுக்கு வாத்தியார். குறட்டை விடுவான். அந்தச் சத்தத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

போன மாதம் சொன்னான்: "ஊருக்கே போயிடுறேன் வாத்தியாரே. பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டா. என் போட்டோவைக் காட்டித்தான் அப்பான்னு சொல்லிக் குடுக்குறாங்களாம்."

"உன் நம்பர்?"

"அடுத்து வர்றவனுக்குக் குடுப்பாங்க. அவன்கிட்டயாவது கணக்குப் போட்டு உயிரை எடுக்காதீங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போனவனின் எண் புது ஆளுக்குப் போகும். வேலையில் இறந்தவனின் எண்ணை யாருக்கும் தரமாட்டார்கள்; வாங்கிக்கொள்ளப் பயப்படுவார்கள். வண்டி மோதிச் செத்த டிரைவரின் எண் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நெட்டையனின் எண்ணை எவனோ மாட்டிக்கொண்டு என் எதிர்க்கட்டிலில் படுப்பதை நினைத்துப் பார்த்தேன். அது அவனுக்கு மரியாதையாகப் படவில்லை. அவனுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை.

உறைகுளிர் அறையைப் பூட்டுவதற்கு முன், உள்ளே போனவரின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இருந்தால் அவர் குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால் பூட்டலாம். உள்ளே மாட்டிக்கொண்டால் அடிக்கும் மணி கெட்டுப்போயிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியும். நெட்டையனின் கடைசி வேலைநாள் சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் முறைப்படி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இருக்கேன் வாத்தியாரே. இன்னும் ரெண்டே பெட்டி."

பூட்டினேன்.

அறைக்குப் போய் அவன் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். குழந்தைக்கு ஒரு துணி பொம்மை வாங்கி வைத்திருந்தான். நசுங்காமல் இருக்க அதை மேலே வைத்தேன்.

மறுநாள் காலை அவனை வெளியே எடுத்தார்கள். கூப்பிட்டேன், குரல் வரவில்லை என்று சொன்னேன். இனிமேல் குரல் கொடுக்கும் முறை வேண்டாம், உள்ளே இருப்பவனைக் கதவே காட்டிக்கொடுக்கும் புது அட்டை போதும் என்று முதலாளி சொல்லி, பழைய எண்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தார். எனக்கு வந்த எண் 1,00,003. பகா எண். அதற்கு நண்பனே கிடையாது.