கேப்ரியல் கிராணி ஒழுங்குபடுத்திய கல்லறை

...இதுல எந் தப்பு என்னாம்மா இருக்கு, நீங்களே சொல்லுங்க. படிச்ச பிள்ள நீங்க. வர்றவங்க எல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போறாங்க. "வருஷம் எங்க அங்கிள், வருஷம் எங்க அங்கிள்"னு ஒரே கேள்வி. வருஷத்த நானா தின்னுட்டேன்?

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அம்பாங்கான்லேருந்தா வர்றீங்க? இந்த நேரத்துக்கு ஜாம் இருந்திருக்குமே. பேரு என்னா சொன்னீங்க... பெவர்லி. ம். தாத்தா பேரு சவேரிமுத்து, இங்க ரப்பர் பால்மரம் வெட்டுனவரு. பாத்துருவோம்லா. நான் இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதுன கிராணிம்மா. இப்ப இந்தக் கோயிலு ரெக்கார்டு மொத்தமும் எங் கையிலதான். புக்கிட் பெலண்டோக்ல எறங்கி கேப்ரியல் கிராணின்னு கேட்டா, கடைக்காரன் கடைய விட்டுட்டு வந்து வழி காட்டுவான்.

ஒங்க அவசரம் எனக்குத் தெரியாமயில்ல. செவ்வாக்கெழம மண்ணு வெட்டுற மிஷினு வருது. தோட்டத்த வீடு கட்டுற கம்பெனிக்கு வித்தாச்சு. பின்னால இருக்குற கல்லறையத் தோண்டி, எல்லாரையும் புது எடத்துக்குக் கொண்டு போறாங்க. விண்ணப்பப் பாரத்துல செத்த தேதி எழுதிக் குடுத்து, இதுதான் எங்க ஆளுன்னு கல்லக் காட்டுனா, அந்தக் குடும்பத்துக்குத் தனிப்பெட்டி. காட்டலன்னா எல்லாரும் ஒரே குழி. அதான் ரெண்டு மாசமா எனக்கு ஒக்கார நேரமில்ல. அம்பது வருஷமா இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காதவனெல்லாம் போனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான். வம்சத்த வரையறானாம், கம்ப்யூட்டர்ல. வரைஞ்சிக்க. என்னை ஏன் மொறைக்கிற?

இந்தாங்க, அடக்கப் பதிவு புக்கு. மெதுவாத் தொறங்க, ஒட்டுனது. முன்னெல்லாம் இத எப்டி வச்சிருந்தாங்க தெரியுமா? செத்த வரிசையில. இன்னைக்கு அந்தோணி செத்தா அந்தோணி, நாளைக்கு சூசை செத்தா சூசை. ஆபீஸ்ல அப்டியா பைல் வைப்போம்? ஒரு பேரத் தேடுனா ஒரு பகல் போயிரும். அதான் ரிட்டையர் ஆனப்புறம் உக்காந்து, ஒவ்வொரு வரியாக் கத்தரிச்சு, ஏபிசி படி அடுக்கி ஒட்டுனேன். ஆறு மாசம்மா. பச எத்தன போத்தல் போச்சுன்னு கணக்கே இல்ல. இப்பப் பாருங்க... எஸ்... சவேரிமுத்து. ஒரு நிமிசம் ஆச்சா? மார்ச்சு பதினாலு. காய்ச்சல். அடக்கம் மறுநாள் சாயங்காலம் நாலு மணி.

வருஷமா. வருஷத்த பக்கத்துக்கு மேல ஒருக்கா மட்டும் எழுதியிருந்தாங்கம்மா. வரிய வெட்டுனா தலப்பு எப்டிக் கூட வரும்? நூறு வரிக்கும் நூறு தலப்பு எழுதியிருக்கணும், சோம்பேறித்தனம். எழுதுன பாதர்கிட்டப் போய்க் கேளுங்கன்னு சொல்லலாம், அவரும் இதே புக்குலதான் இருக்காரு.

பெருமூச்சு விடாதீங்க. பேப்பர் பாப்போம். நம்ம ஆளுங்க செத்தா தமிழ்ப் பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போடுவாங்கல்ல, எல்லாத்தையும் வெட்டி ஆல்பத்துல போட்டு வச்சிருக்கேன். அதுவும் ஏபிசிதான். இந்தா, ஒங்க தாத்தா. மீசையப் பாத்தீங்களா? ஒங்களுக்குக்கூட அந்த மூக்கு இருக்கு. கீழ பாருங்க, "கண்ணீருடன் மனைவி, மக்கள், மருமக்கள்..." அழுதவங்க பேரு ஒண்ணு விடாம இருக்கு.

தேதி... தேதி இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவுன்னு ரெண்டு காது மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. ஆல்பம் பையில நொழையல. ரெண்டு ஓரத்தையும் லேசாத் தட்டிவிட்டேன். ஒங்க தாத்தாவுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் ஒரே அளவு. ஆளப் பாத்து வெட்டுறவன் இல்ல நான்.

ஆங், கல்லுல இருக்கும். வருஷம் கல்லுல கட்டாயம் இருக்கும். நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாங்க, பின்னாலதான். பாத்து, புல்லு வழுக்கும். இங்க மேடெல்லாம் எப்பவோ சமமாயிருச்சு, அங்கங்க நட்டு வச்ச சிமிட்டிச் சிலுவதான் அடையாளம். வரிசையப் பாருங்க. நூலு புடிச்ச மாதிரி இல்ல? தேட வேணாம். ஏ இங்க, பி இங்க, நடந்துக்கிட்டே போங்க... எஸ். இந்தா, சவேரிமுத்து, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுவத்தொண்ணு. கெடச்சிருச்சா? போட்டோ எடுத்துக்குங்க. பாரத்துல எழுதிக்குங்க. அவ்ளோதான், வாங்க போலாம்.

ம்மா... பெவர்லி. முட்டி போடாதீங்க, ஈரம். அழுவாதீங்கம்மா. இல்ல, அழுவலாம். அழுவக்கூடாதுன்னு யாரு சொன்னா. ஆனா அங்கயே பாத்து அழுவாதீங்க. கொஞ்சம் பொதுவா அழுங்க.

ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

கல்லு ஒங்க தாத்தாவோடதுதான்மா. அதுல சந்தேகமே இல்ல. கீழ இருக்கறது ரோசம்மா டீச்சரு. கோவப்படாதீங்க, அவங்களுக்குப் பிள்ள குட்டி கெடையாது, நீங்க அழுதது வீணாப் போகல.

சொல்றேன், சொல்றேன். கொரோனா முடிஞ்ச அடுத்த வருஷம், பெர்த்லேருந்து ஒரு அம்மா வந்துச்சு, அவங்க பாட்டியத் தேடி. இங்க கல்லெல்லாம் அப்ப செத்த வரிசையில கன்னாபின்னான்னு நிக்கும். மூணு நாளு வெயில்ல சுத்துச்சு அந்தம்மா, மூணாவது நாளு மயங்கி விழுந்துருச்சு. பாதரு என்னைக் கூப்புட்டு, "கேப்ரியல், இதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க"ன்னாரு. பண்ணேன். ரெண்டு பங்களாதேஷ் ஆளுங்க, ஒரு தள்ளுவண்டி, நாலு நாளு. நூத்திப் பன்னெண்டு சிலுவையும் ஏபிசி படி நட்டாச்சு. பாதரு கேட்டது பலகையில பேரு எழுதி வைக்கிறத. அது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது.

நான் கல்லத்தானம்மா நகத்துனேன். ஆள நகத்தலையே.

யாருக்கும் தெரியல. பேரப் படிச்சு வர்றவங்களுக்கு எப்டித் தெரியும்? எல்லாரும் சபாஷ் கிராணின்னாங்க. பஞ்சாலை அக்கா மட்டும் வந்தாங்க, நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு. எழுதப் படிக்கத் தெரியாது, இருவது வருஷமா கால் பழக்கத்துல நேரா புருஷன்கிட்டப் போயி மெழுகுவத்தி கொளுத்துறவங்க. அவங்க பேத்தி கல்லப் படிச்சிட்டு, "பாட்டி, இதுல பெர்னடெட்னு போட்டிருக்கு"ன்னுச்சு. அக்கா என்னைப் பாத்து, "ஏய்யா கிராணி, எம் புருஷன் எப்பய்யா பொம்பளையானாரு"ன்னாங்க. நான் என்னா சொல்றது? நீங்க எடம் மறந்துட்டீங்கக்கான்னு சொல்லிட்டேன். நல்லா இருந்த மனுஷிய, ஊரே சேந்து மறதி வந்துருச்சுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

அந்தப் பாவம் சும்மா விடுமா.

இந்தா, ரெண்டாவது வரிசை, மூணாவது. அருளப்பன்னு போட்டிருக்குல்ல? அது எம் பொண்டாட்டி. டோரின். ஆறு வருஷமாச்சு. கல்லற கட்டாதீங்க, வெயிலுக்குச் சூடாகும், ஒரு சிலுவ போதும்னு அவதான் சொன்னா. கட்டித் தொலைச்சிருந்தா நகத்தியிருக்க மாட்டேன். அவ கல்லத்தான் நான் மொதல்ல பிடுங்குனேன்மா. நம்ம வீட்டத் தொடாம ஊரான் வீட்டத் தொட்டா நல்லாருக்காதுல்ல.

தெனம் இங்க வந்து உக்காருவேன். அருளப்பன் மகனுங்க பாத்துட்டு, "எங்கப்பா மேல ஒங்களுக்கு இவ்ளோ பாசமா அங்கிள்"னு எங் கையப் புடிச்சு அழுவுறானுங்க. அருளப்பன எனக்குப் புடிக்கவே புடிக்காது. இப்ப அந்தப் பசங்க பாரம் குடுத்துட்டானுங்க. அப்பாவ பகாவ் கல்லறையில அவனுங்க அம்மா பக்கத்துல வைக்கப் போறானுங்களாம். செவ்வாக்கெழம பெட்டியில போறது யாரு? டோரின். அருளப்பன் பொண்டாட்டியும் இவளும் கோயில்ல ஒரே பெஞ்சுல உக்காந்ததில்லம்மா. பாட்டு யாரு மொதல்ல எடுக்கறதுன்னு பதினொரு வருஷம் பேச்சு கெடையாது. அவ பக்கத்துல போயி இவ படுக்கணும்.

எனக்கா? எனக்கும் தனிப்பெட்டி உண்டு. அதோ அங்க, டோரின் கல்லுக்குக் கீழ, வீரமுத்து மண்டோர், ஆளுங்கள மேய்ச்சு வேல வாங்குனவரு. காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நான் பேரு விட்டுட்டேன்னு ஆபீஸ் முன்னால நின்னு கத்துன மனுஷன். செவ்வாக்கெழம நான் கையெழுத்துப் போட்டு அவர வாங்கணும். நாளைக்கு நான் போனா அவரு பக்கத்துலதான் எனக்கு எடம்.

பழைய வரிசையா? இருக்கும்மா. எழுதாம நகத்துவேனா? எந்தக் கல்லு எங்கேருந்து எங்க போச்சுன்னு நூத்திப் பன்னெண்டும் இருக்கு. இந்தா, சட்டப் பையிலதான் வச்சிருக்கேன். ஒங்க தாத்தா அஞ்சாவது வரிசை, செம்பன மரத்து ஓரம். நல்ல நெழலு.

ஏன் குடுக்கலன்னா... கோயிலு கமிட்டிக்கு ரெண்டு தடவ போனேன். கமிட்டித் தலைவரு தர்மராஜ் எந்திரிச்சு நின்னு, "வாங்க கிராணி, ஒங்க ஒழுங்காலதான் நாங்க பொழச்சோம்"னு நாற்காலி போட்டாரு. டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஒண்ணு செய்வோமா? நீங்க தாத்தாவத் தேடுறப்ப, கோயிலு பீரோவுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சுன்னு இதக் கொண்டு போய்க் குடுங்க. ஏதோ பழைய பேப்பர், யாரு எழுதுனதோன்னு. நானும் வந்து ஆச்சரியமாப் பாக்குறேன்.

எதுக்கு சிரிக்கிறீங்க? எங்க... ஓ. கையெழுத்து. ஆமா. தேதி. ஆபீஸ் முத்திர, சாப்பு வேற அடிச்சிருக்கேன். சாப்பு இல்லாம ஒரு காகிதம் எங் கைய விட்டுப் போனதில்லம்மா, என்னா பண்றது.

ம்மா... எங்க போறீங்க? பேப்பரக் குடுத்துட்டு... பெவர்லி. கமிட்டி ஆபீஸு அந்தப் பக்கம் இல்லம்மா, கோயிலுக்கு எடது பக்கம், நீலக் கதவு. தர்மராஜ் சாப்பாட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள போயிருங்க. மொதல்ல ஒங்க தாத்தாவக் காட்டாதீங்க, ரெண்டாவது வரிசை மூணாவதப் படிச்சுக் காட்டுங்க. அவரு கத்துனா, கிராணி எங்கன்னு கேட்டா, அருளப்பன்கிட்ட உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க.

இல்ல. அப்டிச் சொல்லாதீங்க. டோரின்கிட்டன்னு சொல்லுங்க.