பென்சிலில் எழுதிய பாடவேளைக்கு மையில் ஒரு மடல்

வெள்ளைத்தாளைக் கண்டு வெலவெலத்த விரல்களுக்கெல்லாம் வித்தை தந்தவரே, கோணல் கோட்டையும் கோபிக்காத குணக்குன்றே, ஆசிரியர் அறை முழுவதற்கும் அக்காவான, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஓவிய ஆசிரியை அவர்களே!

பாராட்டு மடல் என்றால் சரக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது உலக வழக்கம். நாங்கள் கறார் விலை சொல்கிறோம். பேரம் பேசிக் குறைக்க இதில் ஒன்றுமில்லை.

இருபத்தொன்பது ஆண்டுகள் (அலுவலக எழுத்தர் தலையாட்டி மறுக்கிறார்), முப்பது ஆண்டுகள், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, கோட்டையும் வடிவத்தையும், ஒளியையும் நிழலையும், மூன்றே வண்ணத்தில் முப்பது வண்ணம் பிறக்கும் விந்தையையும் பிள்ளைகளின் கைக்குப் பழக்கினீர்கள். தவறான எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதை எழுதியிருப்பதும் நீங்கள் பழக்கியதுதான். உங்கள் வகுப்பு வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. ரப்பரை அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். "அழிக்காதே கண்ணு. தப்புக் கோடு இருந்தாத்தான் சரியான கோடு எங்க போகணும்னு தெரியும்" என்பீர்கள்.

பிள்ளைகளிடம் நீங்கள் பறித்த ரப்பர், சக ஆசிரியர்களான எங்களிடம் இருந்தது. பள்ளியின் கால அட்டவணையில் எல்லாப் பாடத்தையும் மையில் எழுதிவிட்டு, ஓவியத்தை மட்டும் பென்சிலில் எழுதிவந்தோம். தேர்வு நெருங்கினால் அழித்துவிட்டுக் கணக்கைப் போட வசதி. அப்படி எழுதிய புண்ணியவான், இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கும் கணக்கு ஆசிரியரேதான்.

ஒரு முறை அவர் உங்கள் வகுப்புக்கே பேரத்துக்கு வந்தார்.

"அக்கா, எட்டாம் வகுப்பு ரெண்டு பீரியடையும் எனக்குக் குடுத்துடுங்க."

"தாராளமா தம்பி. இந்த நாற்காலியப் பார்த்து வரைஞ்சு வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

மலிவாக முடிந்தது என்று மகிழ்ந்தவர், அளவுகோல் வைத்து நான்கு கால்களையும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளத்தில், ஒரே கோட்டில் இறக்கினார். முன் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"சார், இது நாற்காலியா சீப்பா?"

வகுப்பே சிரித்தது. "நாலு காலும் ஒரே உயரம்தானேம்மா, அளந்து பாரு" என்று வாதாடினார் கணக்கு ஆசிரியர்.

"உங்களுக்குத் தெரிஞ்சத வரைஞ்சிருக்கீங்க தம்பி, கண்ணுக்குத் தெரியறத வரையல" என்றீர்கள்.

பேரம் படியவில்லை, ஆனால் வெறுங்கையோடும் அவர் திரும்பவில்லை. அன்று முதல் முக்கோணத்தைப் பாராமல் சூத்திரம் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "தெரிஞ்சது இருக்கட்டும், தெரியறதச் சொல்லு" என்கிறார். பாதிப் பிள்ளைகள் அதிலேயே தேறிவிடுகிறார்கள். சரக்கு உங்களுடையது, பேர் மட்டும் அவருக்கு. இருந்தும் வருடா வருடம் அட்டவணையில் பென்சில் பென்சிலாகவே இருந்தது. வாங்கியவன் என்றைக்குப் பொருளின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்?

போன மாதம், என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம். "ஒண்ணும் வேணாம். நான் போனதும் என் பீரியட அழிச்சிடாதீங்க, போதும்" என்றீர்கள். அழிப்பதாகத்தான் பேச்சு இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எங்களில் எவருக்கும் கை வரவில்லை.

ஆகவே, அக்கா, தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட அடுத்த ஆண்டு அட்டவணை இம்மடலோடு ஒரே கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. ஓவியம், வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை, நீல மையில். புதிய ஆசிரியர் வந்து சேரும்வரை அந்த வேளைகளைக் கணக்கு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். கணக்கு நடத்தமாட்டார். பிள்ளைகளோடு அமர்ந்து நாற்காலி வரைவார். சீப்பாகவே வந்தாலும் அழிக்கமாட்டார்.

கண் தெளிவு குன்றாமல், கை நடுக்கம் அறியாமல், கலைந்த தூக்கமும் காணாமல் நீங்கள் நெடுங்காலம் நலமாய் வாழவேண்டும். வழி தவறி இந்தப் பக்கம் வந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள்.

உங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு இனிக் காவல் நிற்கும்,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்
(எங்கள் ரப்பர்களும் அதற்குள்தான் கிடக்கின்றன)